இருமுறை உதித்த சூரியன்

காலியிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் போனால், இடப்பக்கத்தில் கொக்கலை ஏரியைக் காணலாம். சிறு தீவுகளோடு அமைதியாகக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பில்தான், இந்துமாக் கடலை ஒரே மூச்சில் கடந்த விமானங்கள் வந்து இறங்கின என்றால் எளிதில் நம்பத் தோன்றாது.

இங்கிருந்து ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகர் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் ஏழு மணி நேரத்துக்குள் பறந்துவிடக்கூடிய தூரம். 1943-இல் அதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே இருந்த விமானப் பாதை அறுந்தது. மாற்று வழியாகவே, நீரில் இறங்கும் கேட்டலினா விமானங்கள் ஐந்தை குவாண்டாஸ் நிறுவனம் இக்கடலின்மேல் செலுத்தியது. வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. நடுவில் இறங்கிப் பெட்ரோல் நிரப்பவும் வழியில்லை. போய்ச் சேரும் அளவு பெட்ரோலைச் சுமந்தபின் மீதியிருந்த இடம் எவ்வளவு தெரியுமா? மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே!

எதிரி விமானங்கள் திரியும் பகுதியை இருளில் கடக்குமாறு புறப்படும் நேரத்தைக் கணித்தார்கள். வானொலியில் பேசினால் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடுமென்று மௌனம் காத்தார்கள். நம் பிள்ளைகள் இன்று விமானம் ஏறினால், இறங்கிய செய்தி வரச் சற்றுத் தாமதித்தாலும் நமக்கு இருப்புக்கொள்வதில்லை. அன்று கரையில் காத்திருந்தோர் முப்பது மணி நேரம் வெறும் வானத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

திசைகாட்டியோடு அவர்களுக்குத் துணை நின்றவை விண்மீன்கள். விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். ஆல்டயர், அந்தாரஸ், ஸ்பைக்கா என்ற மூன்றும் வேறல்ல, நம் பஞ்சாங்கத்துத் திருவோணமும் கேட்டையும் சித்திரையுமே. மற்ற இரண்டும் வேகா, ரைகல்.

எதிர்க்காற்றில் அகப்பட்ட ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீண்டதாம். வழியில் சூரியன் இருமுறை உதிப்பதைக் கண்ட பயணிகளுக்கு, ‘இரட்டைச் சூரியோதய இரகசிய அணி’யில் சேர்ந்ததாகச் சான்றிதழும் வழங்கினார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானமேனும் விபத்துக்குள்ளாகவில்லை என்பது வியப்பே.

ஆயினும், விமானத் தளம் அமைப்பதற்காக 1942-இல் கொக்கலைக் கிராமத்தார் தம் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு இடிபடாமல் தப்பியது. இன்று அது அருங்காட்சியகம். உள்ளே சென்று பார்க்கலாம். விமானங்களைப் பார்க்க முடியாது. போர் முடிந்ததும், ஒப்பந்தப்படி ஐந்தையும் ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.