‘இட்ஸ்’ஸா, ‘தெயர்’ரா? ஒரு தேர்வுக் கேள்வியின் பூர்வீகம்

வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிப்பவர்களுக்கு இந்த வகைக் கேள்வி அத்துப்படி. ‘தி கமிட்டி ஹாஸ் சப்மிட்டட் தெயர் ரிப்போர்ட்.’ வாக்கியத்தை நான்கு துண்டாக்கி, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். ‘தெயர்’ தவறு, ‘இட்ஸ்’ என்று இருக்க வேண்டும் என்பது விடை. கமிட்டி, ஜூரி, டீம் எல்லாம் கலெக்டிவ் நவுன். கலெக்டிவ் நவுன் என்றால் ஒருமை. மாலை வகுப்புகளில் இதை மந்திரம் போல ஒப்பிக்கக் கேட்கலாம்.

நான் பாடம் நடத்தும் இடத்தில் ஒரு மாணவி இரண்டு பயிற்சிப் புத்தகங்களை அருகருகே பிரித்துவைத்தாள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம்: ‘தி ஜூரி கேவ்’, பிறகு ஒரு கோடு, பிறகு ‘வெர்டிக்ட்’. ஒன்றில் விடை ‘இட்ஸ்’. மற்றதில் ‘தெயர்’. “எதை எழுதினா மார்க் கிடைக்கும் சார்?” என்று கேட்டாள். ஒரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போகும் தேர்வு அது. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்காமல் அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கையில் எடுத்தது ரென் அண்ட் மார்ட்டின். நம் நாட்டில் ஆங்கில இலக்கணம் என்றாலே அந்தப் புத்தகம்தான். ‘போ ஜெஸ்ட்’ நாவல் எழுதிப் புகழ்பெற்ற பி.சி. ரென், பிரிட்டிஷ் இந்தியாவின் கல்வித்துறையில் பணியாற்றியவர். ப்ரோனவுன் பற்றிய பகுதியில் இதற்கென்றே விதி இருக்கிறது. குழுவை முழுமையாக, ஒரே பொருளாகப் பார்த்தால் ஒருமை. அதில் உள்ளவர்களைத் தனித்தனி ஆட்களாகப் பார்த்தால் பன்மை. ஜூரி ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னால் ‘இட்ஸ்’; கருத்து வேறுபட்டுப் பிரிந்து நின்றால் ‘தெயர்’. எப்போதும் ஒருமைதான் என்று அந்தப் புத்தகம் சொல்லவே இல்லை.

அங்கிருந்து பின்னோக்கிப் போனால் லிண்ட்லி முர்ரே. பென்சில்வேனியாவில் பிறந்த வழக்கறிஞர். இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து யார்க் நகருக்கு அருகே வாழ்ந்தவர். அங்கிருந்த க்வேக்கர் பெண்கள் பள்ளிக்காக அவர் எழுதிய இலக்கணம் 1795-இல் வெளிவந்து, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பல தலைமுறைகளுக்குப் பாடநூலானது. பலரைக் குறிக்கும் பெயருக்கு வினையும் ப்ரோனவுனும் ஒருமையிலும் வரலாம், பன்மையிலும் வரலாம்; ஒன்றாக நினைக்கிறோமா பலராக நினைக்கிறோமா என்பதைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்கிறார் அவர். முர்ரே தனக்கு முந்தையவர்களிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டவர். அவர்களில் முக்கியமானவர், பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லோத். 1762-இல் வந்த அவருடைய இலக்கணத்திலும் இதே கருத்துதான். விதியின் வேரில் இருப்பது பொருள். எழுதுகிறவர் எதை மனதில் வைத்து எழுதினார் என்பதே அங்கே கேள்வி.

இலக்கணம் இப்படிச் சொல்ல, அந்தக் காலத்தவர் எப்படி எழுதினார்கள்? ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதிய ஓர் ஆவணம் வேண்டும் என்று 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தை எடுத்தேன். முதல் ஷரத்தின் இரண்டாம் பிரிவில் பிரதிநிதிகள் சபை சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கிறது: அங்கே ‘தெயர் ஸ்பீக்கர்’. அதே ஷரத்தின் ஐந்தாம் பிரிவில் ஒவ்வொரு சபையும் நடவடிக்கைக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும்: அங்கே ‘இட்ஸ் ப்ரொசீடிங்ஸ்’. ஐந்தாம் பிரிவில் ‘ஈச்’ என்ற சொல் முன்னால் நின்று சபையை ஒருமையாக்கிவிடுகிறது. இரண்டாம் பிரிவில் அப்படி எதுவும் இல்லை. வினையும் ‘ஷல்’ சேர்ந்த வினை, ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம். கட்டாயம் இல்லாத இடத்தில் அவர்கள் பன்மையை எடுத்துக்கொண்டார்கள். இன்றைய பயிற்சிப் புத்தகத்தின் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால், சாசனத்தின் அந்த வரிக்கே சிவப்பு மை விழும்.

பிறகு வழக்கு இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்க ஆங்கிலம் ஒருமையை நோக்கி நகர்ந்தது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பன்மை தாராளமாக நிலைத்தது. கிரிக்கெட் வர்ணனையில் ‘இங்கிலாந்து ஆர்’ என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். 1947-இல் தொடங்கப்பட்ட ஈ.டி.எஸ். போன்ற அமெரிக்க அமைப்புகளின் தேர்வுகளும், 1964-இல் வந்த ஆங்கிலத் திறன் தேர்வான டோஃபலும், அடிக்கோடிட்ட சொற்களில் பிழை தேடும் கேள்வி முறையை உலகெங்கும் கொண்டுபோயின. அத்தகைய கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க முடியும். ‘பொருளைப் பார்த்து முடிவுசெய்’ என்ற விதி, ‘எப்போதும் ஒருமை’ என்று இறுகிப்போனது இந்த வழியில்தான் என்று நினைக்கிறேன்.

ஒருமை நம் காதுக்கு இயல்பாகப் படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் ‘குழு தன் அறிக்கையை அளித்தது’ என்கிறோம். தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா, மனிதரைக் குறித்தாலும் அஃறிணை முடிபு ஏற்கும் சொற்களைப் பட்டியலிடுகிறது. குழுவும் அரசும் அதில் பெயர் சொல்லியே இடம்பெறுகின்றன. கருத்து வேறுபட்டாலும் நமக்குக் குழு ‘பிளவுபட்டது’தான். அதனால் ‘தி ஜூரி வேர் டிவைடட்’ என்று வரும்போது நம் பிள்ளைகள் ‘வேர்’ மேல்தான் சந்தேகப்படுகிறார்கள்.

அப்படியானால் ‘ஹாஸ் சப்மிட்டட் தெயர்’ பிழையா, இல்லையா? தேர்வு எழுதுகிறவருக்கு அது பிழைதான். அதற்கான காரணத்தை 1926-இல் வந்த ஃபௌலரின் ஆங்கில வழக்கு அகராதி காட்டுகிறது: ஒருமை, பன்மை எதையும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்த பிறகு நடுவில் மாறக் கூடாது. ‘ஹாஸ்’ வந்தவுடன் கமிட்டி ஒருமை என்று வாக்கியமே தீர்மானித்துவிட்டது. ‘கேவ்’ அப்படி எதையும் தீர்மானிக்கவில்லை, அது இரண்டுக்கும் பொது. ஆகவே முதல் கேள்வி நியாயமானது. பொருளைத் தெளிவாக்க வேறு குறிப்பு தராமல் இரண்டையும் விடைகளாக வைத்து ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் தந்தால், இரண்டாவது கேள்வி நியாயமற்றது.

மாணவியிடம் இதையே சொன்னேன். முதலில் வினையைப் பார். ‘இஸ்’, ‘ஹாஸ்’ இருந்தால் ‘இட்ஸ்’; ‘ஆர்’, ‘வேர்’ இருந்தால் ‘தெயர்’. வினை கைகொடுக்காவிட்டால் பொருளைப் பார். ஒன்றாகச் செய்த செயலா, ஆளுக்கு ஆள் வேறுபட்டதா? இரண்டும் கைவிட்டால் ‘இட்ஸ்’ எழுது. பிறகு ஆட்சேபம் தெரிவி.

ஆட்சேபம் வீண்போகாது. 2002 அக்டோபரில் நடந்த அமெரிக்க பி.எஸ்.ஏ.டி. தேர்வில் எழுத்தாளர் டோனி மாரிசன் பற்றிய ஒரு வாக்கியம் பிழையற்றது என்றது விடைக்குறிப்பு. அதில் உள்ள ‘ஹெர்’ எந்தப் பெயரைச் சுட்டுகிறது என்று கேட்டு மேரிலாந்து ஆசிரியர் ஒருவர் விடாமல் வாதாடினார். 2003-இல் அந்தக் கேள்வியை நீக்கி மதிப்பெண்களைத் திருத்தினார்கள். நம் வினாத்தாள் தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது: ஒருமையா பன்மையா என்று காட்டும் ஒரு வினைச்சொல்லை வாக்கியத்தில் வையுங்கள். லோத்தும் முர்ரேயும் எழுதுகிறவரின் எண்ணத்துக்கு விட்ட இடத்தில், தேர்வு எழுதுகிறவரின் மதிப்பெண்ணைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை.