குலுக்குச் சீட்டு

அனுப்பம்பட்டில் சேவைச் சங்கமொன்றின் வாராந்தரக் கூட்டத்தில் உரையாற்ற நம்மை அழைத்திருந்தனர். மணியடித்தார்கள், வருகைப் பதிவு எடுத்தார்கள், தாமதமாக வந்தவரிடம் பத்து ரூபாய் அபராதம் வாங்கினார்கள். (கல்லூரியில் நமக்கு இந்த அதிகாரம் இல்லை!)

1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி, உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துக் கூடியதால் அப்பெயர் பெற்றது என்பதில் தொடங்கினோம். அங்கிருந்து பேச்சு பழவேற்காட்டின் 'பாடு' முறைக்குத் தாவியது. ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்கள் சீட்டுக் குலுக்கி, எவர் எங்கே வலை கட்டுவது என்று முறை வகுத்துக்கொள்வர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. நாற்காலியைச் சுழற்றுவது எளிது, சோற்றைச் சுழற்றுவதல்லவா அரிது என்று சற்றுப் பெருமிதத்தோடே முடித்தோம்.

கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். "கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு அதில் சீட்டு உண்டா ஐயா?"

இல்லை. பாடு பட்டினவ ஆண்களுக்குரியது. ரோட்டரியும் பெண்களுக்குக் கதவு திறந்தது 1989-இல்தான். இதை நாமே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து, ஏரிக்கரையில் நடத்தவிருந்த கண் சிகிச்சை முகாம் பற்றிய பேச்சு. காலை பத்து மணி என்று முடிவாகியிருந்தது. "அந்நேரம் அவர்கள் தண்ணீருக்குள் இருப்பார்கள்" என்றார் அதே அம்மையார். தலைவர் பத்தை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.