என்றால் சரியல்ல

குறுக்கு விசாரணையில் கேட்பது ஒரு மாதிரி இருக்கும். தட்டச்சில் ஏறுவது வேறு மாதிரி இருக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் என்னிடம், "நீங்க ராங் சைடுல வந்ததாலதானே ஆக்சிடென்ட்?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா" என்றேன். 'நான் சாலையின் வலதுபுறமாகச் சென்றதால்தான் விபத்து ஏற்பட்டது என்றால் சரியல்ல' என்று பதிவானது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

நான் வலதுபுறமாகத்தான் போனேன்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். 2013 டிசம்பரில் ஒரு நாள், விடியாத ஐந்தரை மணிக்கு மண்டிக்குப் புறப்பட்டேன். பைக் ரிசர்வில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்க் சாலைக்கு வலப்பக்கம். பங்குக்கு நேராகப் போய்த் திரும்புவதை விட்டு, நூறு மீட்டர் முன்பே வலப்பக்கம் ஏறி ஓரமாக ஓட்டினேன். தினமும் செய்வதுதான். எதிரே ஒற்றை விளக்கு வந்தது. பைக் என்று நினைத்தேன். அது முருங்கைக்காய்க் கட்டு ஏற்றிய 'குட்டியானை' சரக்கு வண்டி. ஒரு விளக்கு எரியவில்லை. ஒற்றை விளக்கோடு வந்தது அதன் ஓட்டுநர் தப்பு. அந்தப் பக்கத்தில் நான் இருந்தது என் தப்பு. இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்தாலும் என் கால் தப்பியிருக்கும்.

கட்டுகளைத் தள்ளி இடம் பண்ணி, என்னைக் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அந்த ஓட்டுநர்தான். வண்டியும் அவருடையதே.

வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே ராடு வைத்தார்கள். மறுநாள் மச்சான் புகார் எழுதினார். 'எதிரே அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து' என்ற வரி அதில் இருந்தது. அந்த வரி இல்லாத விபத்துப் புகாரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. நான் எந்தப் பக்கம் போனேன் என்று மச்சான் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டிகளை அப்புறப்படுத்திய பிறகு வரைந்த மாதிரி வரைபடமும் புகாரின்படியே அமைந்தது.

சில மாதம் கழித்து அந்த ஓட்டுநர் குற்றவியல் நடுவர் முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1,500 ரூபாய் அபராதம் கட்டிவிட்டுப் போனார். வாய்தாவுக்கு வாய்தா வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் பிழைப்பு என்னாவது என்று இப்படிக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அந்த ஒப்புதல் இழப்பீட்டு வழக்கில் தங்களுக்கு எதிராகவே சாட்சியம் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியவந்தது; என் வக்கீல் அந்தத் தீர்ப்பு நகலைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்.

வக்கீல் மேல் பழி போட மாட்டேன். "நீங்க எந்தப் பக்கம் போனீங்க?" என்று அவர் நேராகவே கேட்டார். "லெஃப்ட்ல" என்றேன். யோசிக்க அவகாசம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. அப்போது இழப்பீட்டு மனுவுக்குக் காலக்கெடு கிடையாது. ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஏழு மாதம் கட்டிலில் கிடந்து யோசித்தே சொன்னேன். வீட்டில் எல்லோரும் சொன்னதை நானும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்: 'கம்பெனிப் பணம்தானே!'

2014இல் எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து இழப்பீட்டு மனு போட்டோம். முதல் எதிர்மனுதாரர் அந்த ஓட்டுநர். இரண்டாவது காப்பீட்டு நிறுவனம். அவர் வரவே இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறது, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று இருந்திருப்பார். எக்ஸ்பார்ட்டி ஆனார்; அவர் இல்லாமலே வழக்கு நடந்தது. அந்த அதிகாலைச் சாலையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். ஒருவர் வரவில்லை, வந்தவன் பொய் சொன்னேன்.

காலைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மை. மருத்துவக் குழு முன்னால் நொண்டிக் காட்டவில்லை. 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தார்கள். உடலில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு, சம்பாத்தியத்தில் எவ்வளவு போனது என்பது வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இடது கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடலாம். குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை. என்னுடையது உட்கார்ந்து எழுதும் வேலை. அதனால் சதவீதத்துக்கு 3,000 வீதம் 90,000. மருத்துவச் செலவு 1,62,000. வலி வேதனைக்கு 50,000. ஆறு மாத வருமான இழப்பு 54,000. வாழ்க்கை வசதி இழப்புக்கு 40,000. துணையாள், சாப்பாடு, போக்குவரத்துக்கு 24,000. ஆக 4,20,000 ரூபாய், மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டியோடு. 2018இல் தீர்ப்பு. என் காலை அவ்வளவு கவனமாக அளந்தார்கள்.

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. விபத்துக்கு ஐந்து மாதம் முன்பே அவருடைய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தது. ஆர்.டி.ஓ. அலுவலக ஊழியரைச் சாட்சியாக அழைத்து நிறுவனம் அதை நிரூபித்துவிட்டது. ஆகவே நிறுவனம் முதலில் எனக்குப் பணம் கட்ட வேண்டும். பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். "உங்களுக்கு ஒண்ணும் குறையாது" என்றார் வக்கீல். குறையவில்லை. வட்டியோடு வாங்கினேன்; கடனை அடைத்தேன்; வீட்டுக்கு மேல்தளம் போட்டேன்.

2021இல் மண்டி வாசலில் வண்டி வரவு எழுதிக்கொண்டிருந்தேன். சரக்கு, கட்டு எண்ணிக்கை, வண்டி நம்பர். ஒரு குட்டியானையின் நம்பரைப் பாதி எழுதியதும், மீதியைப் பார்க்காமலே கை எழுதிவிட்டது. மனுவில், வாக்குமூலத்தில், தீர்ப்பில் என்று நாலு வருஷம் படித்த நம்பர். ஓட்டிவந்தவர் புது ஆள். "செகண்ட் ஹேண்டுங்கண்ணே. வித்தவருக்கு ஏதோ இன்சூரன்ஸ் வசூல் கேஸாம், ஜப்திக்கு வந்துருவாங்கன்னு அவசரத்துல தள்ளிவிட்டாரு" என்றார். இரண்டு விளக்கும் எரியுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே. மனுதாரர் மீதும் தப்பு உண்டென்றால் மனு தள்ளுபடி ஆகாது; அவர் தப்பின் அளவுக்குத் தொகை குறையும். நான் உண்மையைச் சொல்லியிருந்தால், ஆளுக்குப் பாதி என்று வைத்தாலும் எனக்கு 2,10,000 வந்திருக்கும். ஒன்றுமே கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில் பொய் சொன்னேன் என்று இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். மீதிப் பாதிக்காகத்தான் சொன்னேன். அந்தப் பாதி கம்பெனிப் பணமும் இல்லை; ஒரு முருங்கைக்காய் வண்டி.

வேறொரு வக்கீலிடம், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சியத்துக்கு ஏழு ஆண்டுவரை சிறை உண்டு என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போகாமலே அந்த ஓட்டுநர் கையில் பணத்தைக் கொடுக்கலாம், அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மனுவின் நகல் பீரோவில் இருக்கிறது. முதல் எதிர்மனுதாரரின் முகவரி முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து பதினாலு கிலோமீட்டர்.

பாதி மட்டுமே தனதாயிருந்த தப்பை முழுசாக ஒப்புக்கொண்டு ஐந்து நிமிடத்தில் அபராதம் கட்டிவிட்டுப் போனவர் அவர். என் பாதியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது; பெயர் போடாமல்தான் இதையும் எழுதுகிறேன். சிறைக்குப் பயந்து அல்ல, 2,10,000 ரூபாயை எண்ணி வைக்க மனம் வராமலேதான் அந்தப் பதினாலு கிலோமீட்டரை இன்னும் போகாமல் இருக்கிறேன் என்றால், சரிதான்.