பலகைக்குப் பின்னால் ஒரு கடா

2020இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அஸ்ஸாமில் நுழைந்ததிலிருந்து, பன்றிப் பண்ணை என்றாலே நோய்ச் செய்திதான். அங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு வரி வராது. கால்நடை மருத்துவ நண்பரிடம் புலம்பியபோது, ராசிபுரம் பக்கம் ஒரு வெண்பன்றிப் பண்ணைக்கு அனுப்பிவைத்தார். பெட்டைகளைப் பருவத்துக்குக் கொண்டுவருவதில் அங்கிருக்கும் அக்காவை மிஞ்ச ஆளில்லையாம்.

கிருமிநாசினித் தொட்டியில் காலை நனைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். தீவனக் கலவை, பதிவேடு என்று மேலாளர் சொன்னதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. கண் அக்காவின் பலகையிலேயே இருந்தது.

இடுப்பு உயர பிளைவுட். மேலே கை நுழைய ஒரு துளை. அடித்தால் பன்றி திரும்பிப் பாயும். வழி அடைபட்டது என்று தெரிந்தால் தானாகத் திரும்பிக்கொள்ளும். இருநூறு கிலோவுக்குக் குறையாத யார்க்‌ஷயர் கடாவைப் பலகையை இப்படியும் அப்படியும் சாய்த்தே நடத்திப் போனார்.

ஐந்தரை மாதப் பெட்டைகளின் கொட்டிலுக்குள் நுழைந்ததும், கடா தாடையை மென்று மென்று வாயோரம் வெள்ளை நுரை தள்ளியது. பெட்டைகள் நேராக அந்த நுரையில்தான் மூக்கை வைத்தன. விஷயமே அதில்தான். விதைப்பையில் உருவாகும் ஆண்ட்ரோஸ்டினோன் ரத்தத்தில் கலந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய் நுரையில் வெளியேறுகிறது. அந்த வாடையும் கடாவின் உறுமலும் உரசலும் சேர்ந்துதான் பெட்டையின் சினைப்பையை முடுக்கிவிடுகின்றன. கடா முகமே பார்க்காமல் வளரும் பெட்டை பருவத்துக்கு வர வாரக்கணக்கில் தாமதமாகும்.

"எளங்கடா ஆகாதுங்க தம்பி. பத்து மாசம் தாண்டோணும், நல்லா நுரை தள்ளோணும்."

தினம் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பிறகு தூரத்துக் கொட்டிலுக்கு ஓட்டிவிடுகிறார். பக்கத்திலேயே அடைத்தால் என்ன?

"நாள் பூரா பார்த்துட்டே இருந்தா பழகிப்போயிருமுங்க. அப்புறம் ஏறெடுத்தும் பார்க்காது."

கடா எதிரே நிற்க, ஒரு பெட்டையின் இடுப்பில் இரு கையையும் ஊன்றி அழுத்தினார். காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. முதல் ஹீட். இப்போது கிராசிங் இல்லை. 21 நாளில் அடுத்த சுற்று வரும்.

அக்கா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவர். தறி நின்றதும் கணவரோடு இங்கே வந்தார். கணவர் லாரிக்குப் போய்விட்டார். கடா ஓட்டுவது ஆம்பளை வேலை என்று முதலாளி தரவில்லை. ஓட்டிய ஆள் ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பாததால்தான் பலகை இவர் கைக்கு வந்தது.

ஒரு ஹீட் தவறினால் 21 நாள் தீவனம் தண்டம். அதற்குமேல் சினைக்காலம் 114 நாள். இவ்வளவு காத்திருந்து ஆளாக்கிய குட்டிக்குத் தரகர் வந்து, எங்கோ காய்ச்சல் என்று கிலோவுக்கு விலையைக் குறைக்கிறார். காய்ச்சல் அடங்கிய பின் குறைத்ததை ஏற்றியதாக யாரும் சொல்லவில்லை. போதாததற்கு, "கடா சும்மா தின்னுட்டு நிக்குது, ஊசியே போட்டுக்கலாமே" என்று அதையும் எடைக்குக் கேட்கிறார். பண்ணைக்காரரின் பணமுடைதான் தரகரின் மூலதனம். செயற்கைக் கருவூட்டல் செய்தாலும், பெட்டை நிற்கிறதா என்று சரியாகக் கண்டுபிடிக்கக் கடா வேண்டும் என்பது தரகருக்குத் தெரியாதா என்ன!

புதிதாகப் பண்ணை போடுகிறவர்கள் பெட்டை வாங்கும்போதே ஒரு முற்றிய கடாவுக்கும் இடம் ஒதுக்குங்கள், பெட்டைகளை விட்டுத் தள்ளி. பலகை பிடிக்கிறவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள்.