விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு டொரன்ட்டுகள்

டொரன்ட் கிளையன்ட்டான க்யூபிட்டொரன்ட்டை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று: இறக்கிய கோப்புகள், செட்டிங்ஸ், ஒவ்வொரு டொரன்ட்டும் எதுவரை வந்திருக்கிறது என்ற குறிப்பு. செட்டிங்ஸ் விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டரில் ரோமிங் பகுதியில் இருக்கிறது. குறிப்புகள் லோக்கல் பகுதியில், பிடி_பேக்கப் என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. லினக்ஸில் இவற்றுக்கு இடம், ஹோமுக்குள் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள். நகலெடுக்கும் முன் கிளையன்ட்டை முழுதாக மூடிவிட வேண்டும். இல்லையென்றால், பிறகு மூடும்போது அது பழைய நிலையையே மேலே எழுதிவிடும்.

சிக்கல் குறிப்புக் கோப்பில்தான். டிரைவ் எழுத்தோடு கூடிய விண்டோஸ் பாதை அதில் பதிந்திருக்கும். லினக்ஸில் அப்படி ஓர் இடமே கிடையாது. பாதையை மட்டும் மாற்றி எழுதினாலும் போதாது. அதற்கு முன்னால் அதன் நீளம் பைட் கணக்கில் நிற்கிறது. அந்த எண் பிசகினால் கோப்பையே படிக்க முடியாது. ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: யுடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லே 15 பைட்.

இதைவிட எளிய வழி, அதே டொரன்ட் கோப்பைப் புதிதாகச் சேர்த்து, கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டி, சரிபார்க்கச் சொல்வது. பதிவேற்றக் கணக்கும் டேகுகளும் போய்விடும், இறக்கியது போகாது. பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டொரன்ட் வடிவமைப்பின் அருமை இதில் தெரிகிறது. இறக்க வேண்டியது துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, டொரன்ட் கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் நீளமுள்ள எஸ்எச்ஏ-1 ஹாஷ் இருக்கிறது. கிளையன்ட் டிஸ்கில் உள்ள துண்டுகளைப் படித்து அதோடு ஒப்பிடுகிறது. எந்த இயங்குதளத்தில் இறக்கியது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஒரு துண்டு கெட்டிருந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளும்.

டிஸ்க்கிலும் சில தடைகள் உண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் லினக்ஸ் எழுத முடியாமல் போகலாம். முதலில் அதை அணைப்பது நல்லது. ஃபேட்32 பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகப் பார்ப்பதால், ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கிளையன்ட் கோப்பைக் காணாமல் முதலிலிருந்து இறக்கத் தொடங்கும். அதனால் டொரன்ட்டை நிறுத்திய நிலையில் சேர்ப்பதே பாதுகாப்பு.

முழுதாக வைத்துப் பகிரும் சீடர்கள் (seeders) அருகிப்போன பழைய டொரன்ட்டுக்கு, இந்த ஒரு கணினியில் உள்ளதே கடைசி முழு நகலாக இருக்கக்கூடும். எனவே சரிபார்ப்பு 100 சதவீதம் காட்டி, சீடிங் தொடங்கிய பிறகே விண்டோஸ் பக்கத்து நகலை அழிக்க வேண்டும்.