மலைமுகட்டில் எழுந்த வீடு



ஊர் ஊராய்ச் சுற்றுபவருக்கு வீடு எதற்கு? அமெரிக்கப் பயண எழுத்தாளர் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டனைப் பற்றிப் படித்தபோது எனக்குள் எழுந்த வினா இது. 1928-இல் 36 சென்ட் சுங்கம் செலுத்திப் பனாமாக் கால்வாயை நீந்திக் கடந்தவர் அவர். 1932-இல் 'பறக்கும் கம்பளம்' என்னும் சிறு விமானத்தில் நமது சரவாக்கிற்கும் வந்தார். அரசி சில்வியா புரூக் அதில் ஏறிப் பறந்தார்.

அத்தகையவர் 1937-இல் கலிபோர்னியாவின் லகுனா பீச்சில் வீடு கட்டத் தொடங்கினார். தேர்ந்தெடுத்த இடமோ சுமார் 400 அடிப் பள்ளத்தின் விளிம்பிலுள்ள மலைமுகடு. பணியை ஏற்றவர் அனுபவம் குறைந்த இளம் கட்டடக் கலைஞர் வில்லியம் அலெக்சாண்டர் லெவி. மேற்பார்வை செய்தவர் நண்பர் பால் மூனி. கான்கிரீட், எஃகு, கண்ணாடி ஆகியவற்றாலான அவ்வீடு அக்காலத்திற்குப் புதுமையானது.

ஆனால், சுவர் எழுப்புமுன் மலையோடு போராட வேண்டியிருந்தது. பொருள்களை மேலேற்றப் பாதை தேவைப்பட்டது. மண் சரியாதிருக்கத் தாங்குசுவர் தேவைப்பட்டது. செலவு மதிப்பீட்டை மீறி வளர்ந்தது. பள்ளத்தின்மேல் தொங்குவதையும் மது மயக்கத்தின் மறுநாள் தலைவலியையும் ஒருங்கே குறிக்கும் 'ஹேங்ஓவர் ஹவுஸ்' என்னும் பெயரை மூனி வேடிக்கையாகச் சூட்டினார்.

அவ்வீட்டில் ஹாலிபர்ட்டன் நெடுநாள் வாழவில்லை. 1939 மார்ச்சில் ஹாங்காங்கிலிருந்து சீனப் பாய்மரக்கப்பலில் சான் பிரான்சிஸ்கோ நோக்கிப் புறப்பட்டவர், மூனியுடன் கடலில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் என் மனத்தில் நின்றது ஒரு சிறு செய்தி. வீட்டின் பெயர் வாசலில் அன்று, அந்தத் தாங்குசுவரில்தான் வார்க்கப்பட்டது!

முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிப்பவன் நான். "இன்னுமா எழுத்துக்கூட்டுகிறான்? பக்கத்து வீட்டுப் பிள்ளை கதைப்புத்தகம் படிக்கிறதே!" என்று பெற்றோர் கவலையுடன் கேட்பர். அவர்தம் கவலை நியாயமானதே. ஆயினும், உயிரெழுத்தும் உயிர்மெய்யும் மனத்தில் ஊன்றும் மாதங்கள் தாங்குசுவர் எழும் மாதங்கள். காலம் அங்கேதான் அதிகம் செலவாகும். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் எழும்பியதாகத் தோன்றாது. அவசரப்பட்டு அதைத் தவிர்த்தால், நான்காம் ஆண்டில் கட்டுரை எழுதும்போது மண் சரியும்.

பெற்றோர்களே, பிள்ளை தட்டுத் தடுமாறி ஒரு சொல்லைக் கூட்டிப் படிக்கும்போது அருகில் அமருங்கள். சுவர் எழுந்துகொண்டிருக்கிறது.