மார்கழிக் குளிரில் மாஸ்ட்ரிக்ட்

வீட்டில் ஒருவர் பெரிய வியாதியில் விழுந்து தேறி எழுந்துவிட்டால், வருகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் விசாரிக்கிறார்கள். ராப்பகலாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவளை யாரும் விசாரிப்பதில்லை. அவர் எழுந்து நடமாடி, ஆபீசுக்கும் போக ஆரம்பித்துவிடுகிறார். அவளுக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வருவதில்லை. இதைப் படிக்கும் சகோதரிகள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். எனக்கும் இருந்தது. அதற்கு ஒரு மருந்து எங்களுக்குப் பிடித்தமான ஓர் ஊரில் கிடைத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் 2011-லிருந்து நெதர்லாந்து தேசத்தில் ஐந்தோவன் நகரில் இருக்கிறோம். 2023 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை என் கணவருக்கு மாரடைப்பு வந்தது. வயது நாற்பத்தாறுதான். அன்றைக்கே ரத்தக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு சில வாரங்கள் உடற்பயிற்சி வகுப்பு. கடைசியில் டாக்டர், "இனிமேல் மாத்திரையை விடாதீர்கள், நடையை விடாதீர்கள், மற்றபடி வழக்கம்போல இருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் வழக்கம்போல இருந்தார். நான்தான் இல்லை. மாடிப்படி ஏறினால் பின்னாலேயே போவேன். குளியலறையில் ஐந்து நிமிஷம் கூடுதலானால் கதவைத் தட்டுவேன். நடுராத்திரியில் மூச்சு வருகிறதா என்று மார்பில் கையை வைத்துப் பார்ப்பேன். எங்களுக்குள் பேச்சே உப்பு, எண்ணெய், ரத்த அழுத்தம் என்று ஆகிவிட்டது. ஒருநாள் அவர் சொன்னார்: "நீ இப்பல்லாம் என் முகத்தைப் பார்க்கறதே இல்லை. வேர்த்திருக்கான்னுதான் பார்க்கறே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மாஸ்ட்ரிக்ட் எங்களுக்குப் புதிய ஊர் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறதே என்று நான் அழுதுகொண்டிருந்தபோது, மாறுதலுக்காக இவர் அழைத்துப் போன ஊர் அது. ஐந்தோவனிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். நெதர்லாந்தில் பெரும்பாலும் தரை தட்டையாக, பலகை மாதிரி இருக்கும். தெற்குக் கோடியில், பெல்ஜியம் எல்லையை ஒட்டி இருக்கிற இந்த ஊர்ப் பக்கம் மட்டும் மேடும் குன்றுமாக இருக்கும். நடுவே மாஸ் ஆறு ஓடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடிகோலிய ஒப்பந்தம் 1992 பிப்ரவரியில் கையெழுத்தானது இந்த ஊரில்தான். எனக்கு அதெல்லாம் பிறகுதான் தெரியும். ஆறும் கோயிலும் கடைத்தெருவும் சேர்ந்திருக்கிற ஊர் என்பதால் மனசுக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம் ஒவ்வொரு டிசம்பரிலும் போவோம். 2023-ல் மட்டும் போகவில்லை.

2024 டிசம்பர் வந்ததும் இவர் ஆரம்பித்தார். "ஏம்மா, இந்த வருஷமாவது மாஸ்ட்ரிக்ட் போலாமா?"

"குளிர் உங்களுக்கு ஆகுமோ ஆகாதோங்க."

"அதை டாக்டர்கிட்டேயே கேட்டுடலாமே!"

கேட்டோம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் விளக்கினார். அதனால் போகவே கூடாது என்று இல்லை. ஜாக்கிரதையாகப் போகவேண்டும், அவ்வளவுதான். ஒரே கனமான கோட்டைவிட, மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வது நல்லது. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, மூக்கையும் வாயையும் மூடி ஒரு மப்ளர். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே குளிர்காற்றில் வேகமாக நடக்கக்கூடாது. அரை மணிக்கு ஒருமுறை எங்கேயாவது கதகதப்பான இடத்தில் உட்காரவேண்டும். மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ளும் மருந்தை அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன். பையனைப் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தில் விட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் ரயில் ஏறினோம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வைக் என்கிற பழைய பேட்டை. தெரு முழுக்க விளக்குத் தோரணம். நேரே நடந்தால் ஆற்றின் மேல் கல் பாலம். செர்வாசியஸ் என்ற பழங்காலத்து பிஷப்பின் பெயரால் அழைக்கப்படும் அந்தப் பாலம் 13-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1944-ல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது அதில் ஒரு பகுதியைத் தகர்த்துவிட்டுப் போக, பிறகு பழுது பார்த்திருக்கிறார்கள். இப்போது நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் போய்வருகிறார்கள். ஆற்றுக் காற்று ஊசியாகக் குத்தியது. பாதிப் பாலத்தில் இவர் நின்றார். எனக்குப் பகீரென்றது.

"ஒண்ணுமில்லை, ஆத்தைப் பார்க்கறேன். இந்தப் பாலமும் என்னை மாதிரிதான். ரிப்பேர் பண்ணினப்புறம் எத்தனை பேரைத் தாங்குது பார்!" என்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மாலையில் ஃபிரைத்ஹோஃப் மைதானத்துக்குப் போனோம். ஊர் நடுவே பெரிய சதுக்கம். ஒரு பக்கம் செர்வாசியஸ் பேராலயமும், சிவப்புக் கோபுரம் வைத்த யோவான் தேவாலயமும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிற்கும். டிசம்பர் மாதம் அங்கே திருவிழாச் சந்தைதான். மரக்குடில் கடைகள், பனிக்கட்டித் தரையில் சறுக்கி விளையாடும் குழந்தைகள், ராட்டினம், பாட்டு. நம் ஊர்த் தேர்த்திருவிழாக் கடைவீதியைக் குளிர்பெட்டிக்குள் வைத்த மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்!

எண்ணெய் வாசனை வந்த பக்கம் திரும்பினால் ஒலிபொல் கடை. மைதா மாவைப் புளிக்கவைத்து, உலர்ந்த திராட்சை போட்டு, உருண்டையாகப் பொரித்து, மேலே சர்க்கரைப் பொடி தூவித் தருவார்கள். இனிப்பு போண்டா என்றே சொல்லலாம். நான் வாயைத் திறக்குமுன் இவரே ஒன்று வாங்கி, இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுற்றிலும் பலர் மசாலா போட்டுக் காய்ச்சிய சூடான ஒயின் குடித்துக்கொண்டிருந்தார்கள். மதுபானம் உள்ளே போனால் சூடாக இருக்கிற மாதிரி தோன்றும். ஆனால் உடம்புச் சூடு வெளியேறிவிடும். நாங்கள் சுடச்சுட கோக்கோ குடித்தோம்.

ராட்டினத்தில் மேலே போனபோது ஊரெல்லாம் விளக்கு. தூரத்தில் கறுப்பாக ஆறு. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கத்தான் நான் அவர் மணிக்கட்டைப் பிடிப்பது வழக்கமாகியிருந்தது. அன்றைக்கு அவர் பிடித்தது வேறு மாதிரி. இதற்குமேல் எழுதினால் வெட்கமாக இருக்கும்!

மறுநாள் ஞாயிறு. மதியம் இவர் மெள்ளச் சொன்னார். "நான் புஸ்தகக் கடைக்குப் போறேன். நீ வேணும்னா அந்த மாதா கோயில்ல உட்கார்ந்திரு. சரியா ஒரு மணி நேரம் கழிச்சு வா."

மாரடைப்புக்குப் பிறகு, ஆபீஸ் தவிர, வெளியிடத்தில் அவரை நான் தனியே விட்டதே இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்வை பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். "சரி, போயிட்டு வாங்க" என்றேன்.

மாதா கோயில் என்று அவர் சொன்னது அன்னை மரியாளின் பழைய பேராலயம். வாசலை ஒட்டினாற்போல் சின்ன வழிபாட்டு அறை. அங்கே இருக்கிற மாதாவுக்கு 'கடலின் விண்மீன்' என்று பெயர். கடைவீதிக்கு வந்தவர்கள் பையும் கையுமாக நுழைந்து, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறார்கள். நான் நாகப்பட்டினம் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் பிள்ளையாரும் உண்டு, நேர்ந்துகொண்டால் வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் உண்டு. அதனால் எனக்குக் கூச்சம் தோன்றவில்லை. ஒன்று ஏற்றிவைத்து உட்கார்ந்தேன். போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்; ஆனால் கூப்பிடவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கண்ணில் தாரை தாரையாக வந்தது. ஆஸ்பத்திரியில் கூட நான் அழவில்லை. அழ நேரம் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

ஒரு மணி நேரம் ஆனதும் புத்தகக் கடைக்கு நடந்தேன். அந்தக் கடையே ஒரு விசேஷம். 13-ஆம் நூற்றாண்டு டொமினிக்கன் துறவிகளின் தேவாலயம் அது. 1794-ல் பிரெஞ்சுப் படை வந்தபிறகு வழிபாடு நின்றுபோய், கிடங்காகவும், சைக்கிள் நிறுத்தும் இடமாகவும் கூட இருந்திருக்கிறது. 2006-ல் உள்ளே இரும்பில் மாடி மாடியாகப் புத்தக அடுக்கு கட்டிக் கடையாக்கினார்கள். பலிபீடம் இருந்த பக்கம் இப்போது காபிக் கடை. சிலுவை வடிவத்தில் ஒரு நீள மேஜை.

அந்த மேஜையில் இருப்பதாகச் சொன்ன மனுஷர் அங்கே இல்லை!

கால் வெலவெலத்துப்போயிற்று. இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். தலைக்கு மேலிருந்து, "இங்கே, இங்கே!" என்று தமிழில் குரல். நிமிர்ந்து பார்த்தால், இரும்பு அடுக்கின் உச்சித் தட்டில், பழைய கூரைச் சித்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று சின்னப் பையன் மாதிரி கையாட்டுகிறார்.

"படி ஏறித்தான் வந்தேன். நடுவுல ஒரு தடவை நின்னேன். யாரும் சொல்லலை, நானாத்தான் நின்னேன்" என்றார், நான் மேலே போனதும்.

அந்த 'நானாத்தான்' என்ற வார்த்தையில்தான் எனக்குப் பயம் தெளிந்தது. எப்போது நிற்கவேண்டும் என்று அவர் உடம்பு அவருக்குச் சொல்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் நான் காவல் காக்கவேண்டியதில்லை.

கீழே வந்து காபி குடித்தோம். கிளம்புமுன் வேறொரு கடையில் அந்த வட்டாரத்துப் பட்சணமான ஃப்ளாய் சாப்பிட்டோம். வட்டமான ரொட்டி மாவுத் தட்டில் செர்ரி, ஆப்ரிகாட் என்று பழம் வைத்துச் சுடுவது. அரிசியைப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குழைய வேகவைத்து நிரப்பும் ரகமும் உண்டு. பால் பாயசத்தைக் கெட்டியாக்கிச் சுட்டால் எப்படி இருக்கும், அப்படி! முட்டை சேர்ப்பார்கள் என்பதால், சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்கவேண்டும். ஒரு துண்டு, இரண்டு முள்கரண்டி. பேச்சு மாத்திரையைப் பற்றி இல்லை. பையன் மீசை முளைத்துவிட்டதைப் பற்றி.

சகோதரிகளே, மாஸ்ட்ரிக்டுக்குத்தான் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏற்காடோ, கொடைக்கானலோ, பக்கத்து ஊர்க் கோயிலோ, எதுவானாலும் இருவருக்கும் பழக்கமான, மனசுக்குப் பிடித்த இடமாக இருக்கட்டும். போகுமுன் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரையும், மருத்துவச் சீட்டின் நகலும் கைப்பையில் இருக்கட்டும். மார்பில் இறுக்கமோ, கை அல்லது தாடையில் வலியோ, மூச்சுத் திணறலோ வந்தால் 'சரியாகிவிடும்' என்று காத்திருக்கவேண்டாம். நம் ஊரில் 108, ஐரோப்பாவில் 112, உடனே கூப்பிடுங்கள். இந்த முன்ஜாக்கிரதையெல்லாம் செய்தபிறகு, ஒரு மணி நேரம் அவரைத் தனியே விட்டுப் பாருங்கள். நீங்களும் தனியே உட்காருங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். நோயாளிக்கு மட்டுமல்ல, பார்த்துக்கொண்டவளுக்கும் தேறிவர நாள் பிடிக்கும்.